மின்னிதழ் உரிம ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் நூலகர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்விதழ்ப் பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பதிப்பாளர்களின் உரிம ஒப்பந்தங்களைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட கேள்விகளையும், அத்தகைய ஒப்பந்தங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் நூலகன் என்ற முறையில் நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய தொகைக்கான ஒப்பந்தம் என்றால் நிறுவனத்தின் வழக்கறிஞரும் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் பார்ப்பதற்கு முன் நூலகர் படித்திருக்க வேண்டும். எந்த வரி நூலகத்தின் அன்றாட வேலையைத் தொடும் என்பது வழக்கறிஞருக்குத் தெரிய நியாயமில்லை.

அச்சிதழுக்குச் சந்தா கட்டிய காலத்தில் ஒப்பந்தம் எதுவும் இருந்ததில்லையே, மின்னிதழுக்கு மட்டும் ஏன்?

அச்சிதழில் நாம் வாங்கியது ஒரு பொருள். தபாலில் வந்த இதழைப் பதிவேட்டில் ஏற்றி, ஆண்டு முடிந்ததும் பன்னிரண்டையும் சேர்த்து ரெக்ஸின் அட்டை போட்டு பைண்டு செய்து அலமாரியில் நிறுத்திவிட்டால், அதன் பிறகு அந்தப் படியை யார் படிக்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று சொல்லப் பதிப்பாளருக்கு இடமில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 14-ஆம் பிரிவு, படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையைப் பதிப்புரிமையாளருக்குத் தரும்போதே, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட படிகளை அதிலிருந்து விலக்கிவிடுகிறது.

மின்னிதழில் படி நம்மிடம் வருவதே இல்லை. அது பதிப்பாளரின் சர்வரில் இருக்கிறது. அங்கே போய்ப் படிப்பதற்கான அனுமதிக்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம். அந்த அனுமதியின் நீள அகலம் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அளவுதான். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருப்பதைப் போல, முன்பு நாம் யாரையும் கேட்காமல் செய்துவந்த ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு வரி தேவைப்படுகிறது.

ஒப்பந்தத்தை எழுதுவது யார்? அச்சடித்து வந்துவிட்டதை மாற்றச் சொல்ல முடியுமா?

முடியும். அனுப்பப்படுவது வரைவுதான், அதை இறுதி வடிவம் என்று எண்ணிக் கையெழுத்திட்டுவிடுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு. 1990களின் நடுப்பகுதியில் மின்னிதழ்கள் பரவத் தொடங்கியபோது இவற்றைப் பதிப்பாளர்களின் வழக்கறிஞர்கள் மட்டுமே எழுதினார்கள். மென்பொருள் உரிமங்களின் வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டியதால், நூலகம் என்றால் என்ன என்பதே அறியாத ஆவணங்களாக அவை இருந்தன. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகம் தொடங்கிய லிப்லைசென்ஸ் திட்டம் ஒவ்வொரு விதியும் எதைச் சொல்கிறது என்று நூலகர்களுக்கு விளக்கியதோடு, நூலகங்களின் பக்கமிருந்து ஒரு மாதிரி ஒப்பந்தத்தையும் உருவாக்கியது. உலக நூலகக் கூட்டமைப்புகளின் கூட்டணியான ஐகோல்க் 1998-இல் தன் எதிர்பார்ப்புகளை அறிக்கையாக வெளியிட்டது. அதன் பிறகுதான் பேச்சுவார்த்தை இருதரப்பாக மாறியது.

நடைமுறையில் நான் செய்வது எளிது. பதிப்பாளரின் வரைவை ஒரு பக்கமும் லிப்லைசென்ஸ் மாதிரியை மறுபக்கமும் திறந்து வைத்து, வேறுபடும் இடங்களில் நமக்கு வேண்டிய வாசகத்தை எழுதி, காரணத்தை ஒரு வரியில் சொல்லித் திருப்பி அனுப்புவேன். பத்தில் ஆறு ஏழு திருத்தங்களை எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். அவற்றை அதற்கு முன் வேறு நூலகங்கள் கேட்டுப் பெற்றிருப்பதே காரணம். கேட்காதவருக்குத் தர அவர்களுக்கு ஒரு தேவையும் இல்லை.

சிறிய கழகங்கள் நடத்தும் ஓரிரு இதழ்களுக்கு இவ்வளவு எழுத்துவேலை இரு தரப்புக்கும் வீண். அதற்காக அமெரிக்கத் தர அமைப்பான நைசோ 2008-இல் செரு என்ற பொதுப் புரிந்துணர்வு ஆவணத்தை வெளியிட்டது. இரு தரப்பும் அதை ஏற்பதாகக் கொள்முதல் ஆணையில் ஒரு வரி எழுதிவிட்டால் தனி உரிம ஒப்பந்தம் வேண்டியதில்லை.

இணையதளத்தில் “ஏற்கிறேன்” என்ற பொத்தானை அழுத்தினாலும் ஒப்பந்தம்தானா?

ஆம், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தமும் தளத்தின் பொது விதிமுறைகளும் முரண்பட்டால் கையெழுத்திட்டதே செல்லும் என்ற வாசகம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால், நாம் பாடுபட்டு மாற்றிய விதியை ஒரு நள்ளிரவில் தளத்தின் புதிய விதிமுறை விழுங்கிவிடும்.

“அனுமதிக்கப்பட்ட பயனர்” என்ற சொல்லுக்குள் யார் யார் வருவார்கள்?

பெயரிட்டுச் சொல்லப்பட்டவர்கள் மட்டுமே வருவார்கள். நிரந்தர ஆசிரியர்களும் பதிவு பெற்ற மாணவர்களும் எல்லா வரைவிலும் இருப்பார்கள். சிக்கல் வருவது விளிம்பில் நிற்பவர்களிடம்தான்: கௌரவ விரிவுரையாளர்கள், பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், வருகை ஆய்வாளர்கள், திட்டப்பணியில் ஆறு மாதத்துக்குச் சேர்ந்தவர்கள். நம் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களில் ஒரு பெரும்பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்களாக இருக்கும்போது, “நிரந்தரப் பணியாளர்” என்ற ஒரு சொல் அத்தனை பேரையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும். “முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ, நிரந்தரமாகவோ ஒப்பந்த முறையிலோ பணியாற்றும் அனைவரும்” என்று விரித்து எழுதச் சொல்லுங்கள்.

நூலகத்துக்கு நேரில் வந்து நம் கணினியில் படித்துவிட்டுப் போகும் வெளியாள் இன்னொரு வகை. அச்சிதழ்க் காலத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து ஒரு கடிதத்தோடு வந்தவருக்கு அலமாரியைத் திறந்துவிட்டோம். அந்த வழக்கம் தொடர வேண்டுமானால் “நூலக வளாகத்துக்குள் நேரில் வரும் வாசகர்கள்” என்று சேர்க்க வேண்டும். பெரும்பாலான பெரிய பதிப்பாளர்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

மிகப் பெரிய குழப்பம் இணைவுக் கல்லூரிகளில்தான் ஏற்படுகிறது. பல்கலைக்கழகம் எடுத்த உரிமம் அதனோடு இணைந்த கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்று அங்குள்ள முதல்வர்கள் பலர் நம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் அவை பெயரிடப்படாவிட்டால் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் வளாகங்களுக்கும் இதே கவனம் தேவை. அண்ணா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால் கிண்டியில் ஒரு வளாகமும் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகமும் இருக்கின்றன, இப்படி அமைந்த எந்தப் பல்கலைக்கழகமானாலும், “ஒரு தளம்” என்று மொட்டையாக எழுதிய வரைவில் இரண்டாவது வளாகத்துக்குத் தனிக் கட்டணம் கேட்க இடம் இருக்கிறது. தளம் என்பதன் வரையறையில் வளாகங்களின் பெயர்களை எழுதி வாங்குவதே வழி.

வீட்டிலிருந்தும் விடுதியிலிருந்தும் படிக்கலாமா?

ஒப்பந்தம் தொலை அணுகலை அனுமதித்தால் படிக்கலாம். வளாகத்தின் ஐ.பி. முகவரிகளைப் பதிப்பாளரிடம் கொடுத்து, அவற்றிலிருந்து வருபவரைக் கேள்வியின்றி உள்ளே விடுவது பழைய முறை. வீட்டிலிருப்பவருக்கு, அவரை வளாகத்திலிருந்து வருபவராகவே பதிப்பாளருக்குக் காட்டும் ஈஸிபிராக்ஸி போன்ற பிராக்ஸி மென்பொருளோ, ஷிபலெத் என்ற முறையில் அமைந்த உள்நுழைவோ தேவை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பில் சேர்ந்த நிறுவனங்களின் பயனர்கள் தங்கள் நிறுவனக் கடவுச்சொல்லாலேயே பல பதிப்பாளர்களின் தளங்களுக்குள் நுழைய முடிகிறது. ஐ.பி. பட்டியல் மாறும்போதெல்லாம் பதிப்பாளருக்குத் தெரிவிக்கும் வேலை கணினிப் பிரிவுக்கும் நூலகத்துக்கும் நடுவில் தொலைந்துபோகிற ஒன்று. இணையச் சேவை நிறுவனத்தை மாற்றிய மறுநாள் காலையில்தான் அது நமக்கு நினைவுக்கு வரும்.

நேற்று வரை திறந்த இதழ்கள் இன்று முழு வளாகத்துக்கும் திறக்கவில்லை. சந்தாவும் கட்டியாகிவிட்டது. என்ன நடந்திருக்கும்?

யாரோ ஒருவர் அளவுக்கு மீறிப் பதிவிறக்கியிருப்பார். ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களும் “முறைப்படுத்திய பதிவிறக்கத்தை”, அதாவது முழு இதழ்களையோ தொகுதிகளையோ நிரல் கொண்டோ வரிசையாகவோ இறக்குவதைத் தடை செய்கின்றன. பதிப்பாளரின் சர்வர் அதைத் தானாகவே கண்டுபிடித்து, வந்த ஐ.பி. முகவரியை அடைத்துவிடுகிறது. வளாகம் முழுவதும் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் இருந்தால், ஒருவர் செய்ததற்கு எல்லோருக்கும் கதவு மூடும். 2010-இன் இலையுதிர் காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வலையமைப்பிலிருந்து ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தின் கட்டுரைகளைப் பெருமளவில் இறக்கியபோது, அந்தக் கழகம் முழுவதற்குமே ஜேஸ்டோர் சில நாட்கள் தடைபட்டது.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரியிலும் சிறிய அளவில் இது நடந்தது. விடுதி மாணவர் ஒருவர், ஆய்வேட்டுக்கான இலக்கிய மீளாய்வு எழுத உட்கார்ந்தவர், ஒவ்வொரு கட்டுரையாகச் சொடுக்கச் சோம்பல்பட்டு, உலாவியில் ஒரு நீட்சியை நிறுவி இரவு முழுவதும் ஓடவிட்டுத் தூங்கிப்போனார். காலை ஒன்பதரைக்கு நூலகத்தைத் திறந்தபோது மூன்று துறைத் தலைவர்கள் வாசலில் நின்றார்கள். அவரைக் கண்டுபிடிக்கப் பிராக்ஸி பதிவேட்டை வரி வரியாகப் பார்க்க இரண்டு நாளும், பதிப்பாளரின் நாட்டில் அப்போது நீண்ட வார இறுதி என்பதால் பதில் வர மேலும் நான்கு நாளும் ஆயின. அந்த மாணவர் இறக்கியதில் பத்துக் கட்டுரைகளைக்கூடப் படித்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

இதைத் தடுக்க ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் வேண்டும். முதலில் நூலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சரிசெய்வதற்குக் காலம் தர வேண்டும். அடைப்பதானால் அந்தப் பயனரையோ குறிப்பிட்ட முகவரியையோ மட்டும் அடைக்க வேண்டும். கூடவே, பயனர் செய்த தவறுக்கு நிறுவனம் நிதிப் பொறுப்பு ஏற்கும் என்ற வாசகத்தை நீக்கச் சொல்லுங்கள். விதிகளைப் பயனர்களுக்கு எடுத்துச்சொல்லவும், மீறல் தெரிந்தால் நடவடிக்கை எடுக்கவும் “நியாயமான முயற்சி” செய்வோம் என்பது வரைதான் ஒரு நூலகம் வாக்குக் கொடுக்க முடியும். அரசு நிறுவனங்கள், வரம்பில்லாத இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்கும் வரிகளில் கையெழுத்திடவே கூடாது.

ஆய்வாளர் ஒருவர் பத்தாயிரம் கட்டுரைகளைக் கணினியால் பகுப்பாய்வு செய்ய விரும்புகிறார். அதுவும் தடைதானா?

மேற்சொன்ன விதியின்படி தடை. தனியாக அனுமதி வாங்கியிருந்தால் இல்லை. பிரிட்டன் 2014-இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, முறையாகப் படிக்க அனுமதி உள்ளவர் வணிகம் சாராத ஆய்வுக்காக உரையையும் தரவையும் கணினியால் அகழலாம் என்றும், அதைத் தடுக்கும் ஒப்பந்த விதி செல்லாது என்றும் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஆணையும் ஆய்வு நிறுவனங்களுக்கு அதே பாதுகாப்பைத் தருகிறது. இந்தியச் சட்டத்தில் ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு 52-ஆம் பிரிவு நியாயமான கையாள்கையை அனுமதித்தாலும், உரை அகழ்வுக்கென்று தனி விதிவிலக்கு இல்லை. ஆகவே இங்கே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதான் ஆய்வாளருக்கு உறுதியான துணை. இப்போது வரும் வரைவுகளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் கட்டுரையை இடக்கூடாது என்ற விதி சேர்ந்துவருகிறது. அதன் வாசகம் பெரும்பாலும் மிக அகலமாக இருக்கிறது. கட்டுரையைப் படித்துக்காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வைக் குறைபாடுள்ள மாணவரையும் அது தடுக்கும் என்று சுட்டிக்காட்டினால் குறுக்கச் சம்மதிப்பார்கள்.

சந்தாவை நிறுத்திவிட்டால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் நமக்குக் கிடைக்குமா?

ஒப்பந்தத்தின் மற்ற எல்லா வரிகளையும் மறந்துவிட்டாலும் இந்தக் கேள்விக்கான வரியை மட்டும் தேடிப் படியுங்கள் என்று நான் சொல்வேன். அச்சில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை; சந்தா நின்றாலும் பழைய தொகுதிகள் அலமாரியிலேயே இருந்தன. மின்னிதழில் “நிரந்தர அணுகல்” என்ற விதி இல்லாவிட்டால், பத்தாண்டுகள் கட்டிய பணத்துக்கு மறுநாள் காலையில் காட்ட எதுவும் இருக்காது.

விதி இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடவும் வேண்டாம். எந்த ஆண்டுகளுக்கு நிரந்தரம் என்று பாருங்கள். 2015 முதல் 2020 வரை சந்தா கட்டினால் அந்த ஆறு ஆண்டுகளில் வெளியான இதழ்கள் மட்டுமே நிரந்தரமாகக் கிடைக்கும். சந்தா இருந்தபோது கூடுதலாகத் திறந்திருந்த 1997 முதலான பழைய இதழ்கள் மூடிக்கொள்ளும், அவற்றை வேறாக விலைக்கு வாங்கியிருந்தால் தவிர. எல்லாத் தலைப்புகளுக்கும் பொருந்துமா என்றும் பாருங்கள். ஒரு பதிப்பாளரின் இதழ்களை மொத்தமாகத் தரும் பெருந்தொகுப்புகளில் நாம் முன்பே சந்தா கட்டிய தலைப்புகளுக்கு மட்டும் நிரந்தர அணுகலும், தொகுப்பால் கூடுதலாகக் கிடைத்தவற்றுக்கு ஒப்பந்தக் காலம் வரை மட்டும் அணுகலும் தருவது பரவலான ஏற்பாடு. எங்கே, எப்படி என்பது அடுத்தது. பதிப்பாளரின் தளத்திலேயே தொடருமா, அதற்கு ஆண்டுதோறும் தளப் பராமரிப்புக் கட்டணம் உண்டா, அல்லது கோப்புகளை வட்டில் போட்டு அனுப்பிவிட்டுக் கைகழுவிவிடுவார்களா? தேடுவதற்கு மென்பொருள் இல்லாமல் வந்து சேரும் ஆயிரக்கணக்கான பி.டி.எஃப். கோப்புகளை ஒரு கல்லூரி நூலகம் என்ன செய்ய முடியும்?

பதிப்பாளரே கடையை மூடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கிய லாக்ஸ் திட்டம் இதழ்களின் படிகளைப் பல நூலகங்களின் கணினிகளில் பரப்பி வைக்கிறது. படிகள் பெருகினால் பொருள் பத்திரம் என்பது அதன் பெயரிலேயே அடங்கிய கொள்கை. 2005-இல் வந்த போர்ட்டிகோ மையக் காப்பகமாக இயங்குகிறது. லாக்ஸின் வழிவந்த சிலாக்ஸ், சேஜ் பதிப்பகம் நிறுத்திவிட்ட கிராஃப்ட் என்ற உறுப்பு மாற்றுச் சிகிச்சை இதழை 2008-இல் எல்லோருக்கும் திறந்துவைத்தது. பதிப்பாளர் இவற்றில் எதில் தம் இதழ்களை வைத்திருக்கிறார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம்.

இதழ் ஒரு பதிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போதும் நிரந்தர உரிமை காணாமல்போகும். பிரிட்டனில் உருவாகி இப்போது நைசோவின் பொறுப்பில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் நடத்தை நெறி, பழையவர் கொடுத்த நிரந்தர அணுகலைப் புதியவர் மதிக்க வேண்டும் என்கிறது. அதில் சேர்ந்த பதிப்பாளரா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பெருந்தொகுப்பு ஒப்பந்தம் நமக்கு லாபமா?

முதல் ஆண்டில் லாபம்போலவே தெரியும். ஒரு பதிப்பாளரின் எல்லா இதழ்களையும், அல்லது பெரும்பாலானவற்றை, நாம் முன்பு கட்டிய சந்தாவுக்குச் சற்று மேலே ஒரு தொகைக்குத் தருவதே பெருந்தொகுப்பு. அகாடமிக் பிரஸ் 1996 வாக்கில் இதைத் தொடங்கிவைத்தது. பிறகு பெரிய பதிப்பாளர்கள் அனைவரும் பின்பற்றினார்கள். ஐம்பது இதழ் வாங்கிய நூலகத்துக்கு ஐந்நூறு கிடைத்தது. விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழக நூலகத் தலைவர் கென்னத் ஃபிரேசியர் 2001-இலேயே இதை எச்சரித்தார்: தொகுப்புக்குள் போய்விட்ட நூலகம் தனக்கு வேண்டாத இதழை நிறுத்தும் சுதந்திரத்தை இழக்கிறது, பட்ஜெட் குறையும் ஆண்டில் வெட்டு முழுவதும் தொகுப்புக்கு வெளியே இருக்கும் சிறிய கழகங்களின் இதழ்கள்மீதும் நூல்கள்மீதும் விழும் என்றார். நடந்ததும் அதுதான். நம் பல கல்லூரிகளின் தமிழ் நூல் கொள்முதல் மெலிந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. டாலரில் வரும் தொகுப்புப் பட்டியல் அவற்றில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

விட்டு வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனின் பிப்சாம் நூலகக் கூட்டமைப்பு 2018-இல் எல்சிவியர் பதிப்பகத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் அதே பதிப்பாளரிடமிருந்து விலகி, 2021 மார்ச்சில், தன் ஆசிரியர்களின் கட்டுரைகளை யாரும் கட்டணமின்றிப் படிக்கும் திறந்த அணுகலில் வெளியிடுவதையும் உள்ளடக்கிய புதிய ஒப்பந்தத்தோடு திரும்பியது. ஜெர்மனியின் கல்வி நிறுவனங்களுக்காகப் பேசும் டீல் திட்டம் அதே பதிப்பாளருடன் உடன்பாட்டுக்கு வர 2023 செப்டம்பர் வரை ஆயிற்று. விலகியிருந்த இந்த ஆண்டுகளில் அவர்களைத் தாங்கியதில் முந்தைய கேள்வியில் சொன்ன நிரந்தர அணுகலுக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய இதழ்கள் கையில் இருந்ததால்தான் புதியவை இல்லாமல் சமாளிக்க முடிந்தது.

தொகுப்பில் சேர்வதானால் ஒப்பந்தக் காலத்தின் எல்லா ஆண்டுகளுக்கும் விலை உயர்வின் உச்சவரம்பை எண்ணால் எழுதி வாங்குங்கள். நிதி ஒதுக்கீடு குறைந்தால் அபராதமின்றி விலகும் விதியும் அரசு சார்ந்த நிறுவனங்களுக்கு அவசியம்.

பக்கத்துப் பல்கலைக்கழகம் எவ்வளவு கட்டுகிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பல ஒப்பந்தங்களில் இரகசியக் காப்பு விதி அதைத் தடுக்கிறது. நூலகம் நூலகமாக வேறு விலை சொல்ல அது பதிப்பாளருக்கு உதவுகிறது. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலர் தகவல் பெறும் சட்டங்களைப் பயன்படுத்தி அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்களைச் சேகரித்தார்கள். 2009-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் அப்படி ஒப்பந்தத்தைத் தருவதைத் தடுக்க எல்சிவியர் நீதிமன்றம் போய்த் தோற்றது. 2014-இல் வெளிவந்த அந்தப் பொருளியலாளர்களின் ஆய்வு, ஒரே தரத்து நிறுவனங்கள் ஒரே தொகுப்புக்கு மிக வேறுபட்ட தொகைகளைக் கட்டியதைக் காட்டியது. கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011 முதல் இரகசியக் காப்பு விதியில் கையெழுத்திடுவதில்லை என்று அறிவித்தது. இந்தியாவில் அரசு நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-க்கு உட்பட்டவை. வணிக இரகசியத்துக்கு 8(1)(டி) பிரிவு விலக்கு அளித்தாலும், பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. “சட்டப்படி வெளியிட வேண்டியவை நீங்கலாக” என்ற சொற்களை இரகசிய விதியில் சேர்க்காமல் விடாதீர்கள்.

ஜனவரியில் ஏன் ஒவ்வோர் ஆண்டும் அணுகல் அறுந்துபோகிறது?

பதிப்பாளருக்கு ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது, நமக்கு ஏப்ரலில். டிசம்பரில் புதுப்பிக்க வேண்டிய சந்தாவுக்கான கோப்பு நிதிக் குழுவின் மேசையில் இருக்கும்போதே அங்கே அடைத்துவிடுவார்கள். தொண்ணூறு நாள் சலுகைக் காலத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பதைப்பு இருக்காது. டாலர் மதிப்பு எந்த நாளுக்கானது என்பதும் எழுதப்பட்டிருந்தால் தணிக்கைக் கேள்விக்கு விடை எளிது.

பயன்பாட்டுக் கணக்கை எப்படிப் படிப்பது?

பயன்பாட்டை எல்லோரும் ஒரே முறையில் எண்ண விதி வகுக்கும் கவுன்ட்டர் என்ற அமைப்பின் விதிப்படி தயாரித்த அறிக்கையைத் தருவோம் என்று பதிப்பாளர் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் முதல் நடைமுறை விதித்தொகுப்பு 2003-இல் வந்தது; ஐந்தாம் பதிப்பு 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. ஐந்தாம் பதிப்பில் ஒரே பயனர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை இணையப் பக்கமாகவும் பி.டி.எஃப். ஆகவும் திறந்தால், “தனித்த கோரிக்கை” என்ற நெடுவரிசையில் ஒன்றாகவே எண்ணப்படும். அந்த நெடுவரிசையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு லட்சம் ரூபாய்த் தொகுப்பில் ஆண்டுக்கு 800 கோரிக்கை என்றால் ஒன்றுக்கு 500 ரூபாய்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஓர் இதழை நிறுத்திவிட வேண்டாம். இரண்டே பேராசிரியர்கள் இருக்கும் கணிதத் துறையின் இதழுக்கு ஆண்டுக்கு முப்பது கோரிக்கைதான் வரும். அனுமதி இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட முயற்சிகளைக் காட்டும் அறிக்கையும் இருக்கிறது. அடுத்து எதை வாங்கலாம் என்பதற்கு அது துறைத் தலைவர்களின் பரிந்துரைக் கடிதங்களைவிட நேர்மையான சாட்சி.

இன்னொரு நூலகம் கேட்கும் கட்டுரையை அனுப்பலாமா?

நூலகங்களுக்கிடையேயான வழங்கலை ஒப்பந்தம் அனுமதித்தால் அனுப்பலாம். சில பழைய ஒப்பந்தங்களில் கட்டுரையைத் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும் என்று இருக்கும். நான் அதைச் சிரிக்காமல் கடைப்பிடித்திருக்கிறேன். புதிய ஒப்பந்தத்தில் “பாதுகாப்பான மின்வழியில்” என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே நாடு ஒரே சந்தா வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த இந்தத் திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 மின்னிதழ்களை, மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேற்பட்டவற்றுக்கு, ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவது அதன் அளவு. இன்ஃப்ளிப்நெட் அதை ஒருங்கிணைக்கிறது. அதற்கு முன் இன்டெஸ்ட், யு.ஜி.சி.-இன்ஃபோநெட், என்-லிஸ்ட் ஆகிய மூன்று மின்னிதழ்த் திட்டங்களையும் இணைத்து 2015-இல் உருவான இ-ஷோத்சிந்து இருந்தது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஓர் அரசுக் கலைக்கல்லூரி மாணவிக்கு ஐ.ஐ.டி. மாணவர் படிக்கும் அதே இதழ் திறக்கிறது என்பது சிறிய மாற்றம் அன்று.

இருந்தும் ஒப்பந்தம் படிக்கும் வேலை ஓயவில்லை. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் இதில் இல்லை. தமிழ்நாட்டில் அவற்றின் எண்ணிக்கை எல்லோரும் அறிந்தது. முப்பது பதிப்பாளர்களுக்கு வெளியே உள்ள இதழ்களுக்கு அரசு நிறுவனங்களும் தனியாகவே உரிமம் எடுக்கின்றன. திட்டத்தில் வந்துவிட்டது என்று முன்பு எடுத்த தனிச் சந்தாவை நிறுத்தும்போது, அந்தப் பழைய ஒப்பந்தத்தின்படி நமக்குச் சேர வேண்டிய நிரந்தர அணுகலை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்று எல்லாமே திறப்பதால், பழைய உரிமை பறிபோனது யார் கண்ணிலும் படாது.

முன்பு பொறுப்பிலிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், கோப்பில் பழைய ஒப்பந்தம் எதுவும் இல்லை. எங்கே தேடுவது?

கணக்குப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். ஒப்பந்தம் தொலைந்தாலும், பணம் கட்டிய ரசீதும் அதனோடு இணைத்த தலைப்புப் பட்டியலும் தணிக்கைக்காக அங்கே இருக்கும். எந்த ஆண்டு எந்த இதழுக்குக் கட்டினோம் என்பதற்கு அதுவே ஆதாரம். சந்தா முகவர்களும் பழைய பட்டியல்களை வைத்திருப்பார்கள். பதிப்பாளரின் நிர்வாகப் பக்கத்தில் நம் உரிமைப் பட்டியலை இறக்கி, ரசீதுகளோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கேளுங்கள். நான் ஒருமுறை பதினோரு இதழ்களுக்கு இப்படிக் கேட்டு, மூன்று மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஒன்பதைத் திரும்பப் பெற்றேன். மீதி இரண்டுக்கும் ரசீது இருந்தது. தலைப்பின் பெயர் அதில் இல்லை.

இனிமேலாவது ஒவ்வொரு ஜனவரியிலும் தலைப்புப் பட்டியலை இறக்கித் தேதியிட்டு வையுங்கள். பதிப்பாளர்களோடு கடிதப் போக்குவரத்தை நூலகத்தின் பொது மின்னஞ்சலில் மட்டும் நடத்துங்கள். நான் பொறுப்பேற்றபோது எனக்கு முன்னிருந்தவர் எல்லாவற்றையும் தம் சொந்த மின்னஞ்சலில் வைத்திருந்தார். அவர் வீட்டுக்கே போய்க் கேட்டபோது மனிதர் அன்போடு காபி கொடுத்தார், ஆனால் கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை. பள்ளியிலிருந்து வந்த அவருடைய பேத்தி கால் மணி நேரத்தில் அதை மீட்டுத் தந்த பிறகுதான், இருதரப்புக் கையெழுத்தோடு இரண்டு ஒப்பந்தங்கள் எங்களுக்குக் கிடைத்தன.